கோட்டை வீட்டுப் பிடியரிசி

5 மார்ச் 1956

சின்ன ஆபீசருக்கு இன்றும் முட்டை சரியில்லையாம். மஞ்சள் கரு ஓடவேண்டும், வெள்ளை ஓடக்கூடாதாம். இந்த மலை மேல் கோட்டை வீட்டுக் குசினியில் எத்தனை வருஷமாகச் சமைத்துக்கொண்டு நிற்கிறேன். மானேஜர் தொரைமார் தின்றார்கள், ஜப்பான்காரன் தின்றான், இப்போது பட்டாளம் தின்கிறது. முட்டைக்குப் புகார் சொன்ன முதல் ஆள் மீசை முளைக்காத இந்தப் பிள்ளைதான்.

அது கிடக்கட்டும். போர்டிக்சனிலிருந்து லோரியில் பெரிய பெரிய அண்டாக்கள் வந்து இறங்கின. எதற்கு என்று கேட்டால் சார்ஜன் யூசோப் சிரிக்கிறார். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி அமிர்தலிங்கம்தான் விஷயத்தைச் சொன்னார். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்கு தோட்டத்து ஜனங்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து அரிசி போகிறதாம். அதனால் இனி எந்த வீட்டிலும் அரிசி இருக்கக்கூடாது. தோட்டத்து அரிசி மொத்தமும் கோட்டைக்கு வரும். இங்கே ஒரே இடத்தில் பொங்கிச் சோறாகக் கொடுப்பார்கள். சோறு ஒரு நாளில் ஊசிவிடும், காட்டுக்குப் போய்ச் சேராது. அரிசி ஊசாது. அதுதான் அவர்கள் போட்ட கணக்கு.

"யாரு சமைக்கிறது?" என்றேன்.

"வேற யாரு? நீங்கதான் கேப்ரியல்" என்றார் கிராணி.

9 மார்ச்

அண்டாவைத் தேய்க்கவே ஒரு நாள் போய்விட்டது. எண்ணெய்ப் பீப்பாயை வெட்டிச் செய்த அடுப்புகள். சமைக்கிற ஆளைக் கேட்காமல் அடுப்பு கட்டுகிறவனை என்ன சொல்ல?

18 மார்ச்

இன்று அரிசி ஒப்படைக்கும் நாள். கோட்டை முற்றத்தில் பெஞ்சு போட்டுக் கிராணி உட்கார்ந்தார். கம்பி வேலிக் கதவிலிருந்து மலைப்பாதை முழுக்க ஜனங்கள். பானையோடும் சாக்கோடும் வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பஞ்சாலை, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மாயாண்டியின் பெண்சாதி, அவளுக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. "ஏண்ணே, அரிசிய மட்டும் போட்டாப் போதுமா, வாயையும் தச்சு மேல வாங்கி வச்சுக்கிறீங்களா?" என்று கேட்டாள். வரிசையே சிரித்தது. யூசோப்புக்குத் தமிழ் புரியும். அவரும் சிரித்தார்.

என் பெண்சாதி அந்தோனியம்மாளும் வந்தாள். அரிசிப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டி, மூலையில் ஒட்டியிருந்த குருணையையும் துடைத்துக் கொட்டினாள். கோட்டைக் குசினிக்காரன் வீடே முதலில் சுத்தமாகக் கொடுத்தது என்று நாலு பேர் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

26 மார்ச்

ஒரு தோட்டத்துக்கே சோறு வடிப்பது விளையாட்டில்லை. முதல் இரண்டு நாள் அடியில் பிடித்தது, மேலே வேகவில்லை. இப்போது பதம் பிடித்துவிட்டேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இந்த அண்டாவுக்கு அது செல்லாது. நாலு பக்கத்திலும் ஒவ்வொன்று எடுத்து நசுக்கிப் பார்க்கவேண்டும்.

ஜனங்கள் குறை சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் வீட்டுக்குப் போனால்தான் மனசு கேட்கவில்லை. அந்தோனியம்மாள் குழம்பு வைக்கிறாள், கீரை கடைகிறாள். பிறகு உலை வைக்கவேண்டிய நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். "ஆறிப்போன சோத்துக்கு எதுக்குங்க குழம்பு?" என்றாள். நான் வடித்த சோறு.

1 ஏப்ரல், பாஸ்கு ஞாயிறு

வழக்கமாக வரும் சாமியார் இந்தத் தடவை வரவில்லை. சாலையில் சுடுகிறார்களாம். வீட்டிலேயே ஜெபம் படித்தோம்.

மத்தியானம் சின்ன ஆபீசர் குசினி வாசலில் வந்து நின்றார். இந்தக் கோட்டைக்கு வயது என்ன என்று கேட்டார். அவர் ஊரிலும் மலை மேல் ஒரு கோட்டை இருக்கிறதாம். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் பிரபு ஒருவன் கட்டியதாம். அவனுக்குப் பிறகு சிறைச்சாலை, அதற்குப் பிறகு கல்லைப் பிடுங்கி ஊரார் வீடு கட்டியது போக மீதியில் ஆடு அடைத்தது. இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்களாம். சின்ன வயதில் அதன் சுவரில் ஏறித்தான் கையை ஒடித்துக்கொண்டாராம். தழும்பைக் காட்டினார்.

ஆடு அடைத்த இடத்துக்கு டிக்கெட்டா என்று சிரிப்பு வந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்த மலையில் ரப்பருக்கு முன்னால் கோப்பி. கோப்பித் தொரை ஒருத்தன் செம்பாறாங்கல்லில் கிடங்கு கட்டினான். கொட்டை காற்றாடக் காயவேண்டும், திருடன் நுழையக்கூடாது. அதனால் முழங்கை நீளக் கனத்தில் சுவர், ஜன்னலுக்குப் பதில் ஒடுக்கமான கீறல்கள். கோப்பிக்குப் பூச்சி விழுந்து தொரை கடனோடு கப்பலேறினான். பிறகு ரப்பர்த் தொரை வந்து கிடங்கின் தலையில் மரத்தில் மாடி வைத்து பங்களா ஆக்கினான், காலையில் ஆள் கூட்டும் பெரட்டு மணிக்கு ஒரு கூண்டும் கட்டினான். மேலே பியானோ, கீழே புகை போட்ட ரப்பர் ஷீட். அந்தக் கீறல் ஜன்னல்களைப் பார்த்துத்தான் நம் ஜனங்கள் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். உள்ளே துப்பாக்கியே இல்லாத காலத்தில் வைத்த பெயர். இப்போது அதே கீறலில் பட்டாளம் துப்பாக்கியை நீட்டி வைத்திருக்கிறது. பெயர் முன்னால் வந்தது, கோட்டை பின்னால் வந்தது.

"ஜப்பான்காரன் காலத்தில்?" என்று கேட்டார்.

முட்டை வேகிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

11 ஏப்ரல்

பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. அந்தோனியம்மாளைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. நான் இங்கே அண்டாவுக்கு முன்னால் கரண்டியோடு நிற்கிறேன், கீழே மாத்தா போலீஸ்காரர்கள் என் வீட்டைப் பிரித்துத் தேடியிருக்கிறார்கள். ஓடினேன். லோரி கம்பிக் கதவைத் தாண்டிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தாள். தலையில் முக்காடு. அழவில்லை. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள், போங்க போங்க என்று. அடுப்பைப் பார்க்கச் சொல்கிறாளா?

அரிசியாம். என் வீட்டில் அரிசியாம்.

12 ஏப்ரல்

ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் எனக்கே புரியும்.

எங்கள் வீட்டில் அந்தோனியார் சுரூபத்துக்குப் பின்னால் இரண்டு பிஸ்கட் தகரங்கள். நேர்ச்சை அரிசி. ஒவ்வொரு நாளும் உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்து அதில் போடுவாள். ஜூன் பதின்மூன்று அந்தோனியார் திருநாளில் அதை மொத்தமாகப் பொங்கி அசனம் போடுவோம். சாதி மதம் பார்க்காமல் எல்லோரும் வந்து தின்பார்கள். லயத்துப் பெண்களும் தங்கள் தங்கள் வேண்டுதலுக்குப் பிடி கொண்டுவந்து கொடுப்பார்கள், பாதிக்கு மேல் சைவக்காரர்கள். ஒவ்வொரு வீட்டுப் பிடியையும் துணியில் தனித்தனி முடிச்சாகக் கட்டி வைப்பாள். அசனத்தன்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, அந்தந்த வேண்டுதலைச் சொல்லித்தான் உலையில் கொட்டவேண்டும். அதுவரை ஒருவர் பிடியோடு இன்னொருவர் பிடி கலக்கக்கூடாது. அது முறை.

அரிசியை ஒப்படைக்கச் சொன்னபோது எங்கள் அரிசியை ஒப்படைத்தாள். அவள் மனசில் தகரத்தில் இருந்தது அரிசியே இல்லை, அந்தோனியாருடையது. எனக்கும் அப்படித்தான். வேறு யாருக்கும் இதை விளக்க முடியுமா? சுரூபத்துக்குப் பின்னால் ஒளித்த இரண்டு தகரம், அதற்குள் கைக்கடக்கமாகச் சின்னச் சின்ன அரிசி முடிச்சுகள். ரப்பர் மரம் சீவப் போகிறபோது மடியில் ஒன்றைச் சொருகிக்கொண்டு போய்க் காட்டோரம் போடுவதற்கென்றே கட்டியது போல இருக்கும். நானே மாத்தாவாக இருந்தாலும் பிடித்திருப்பேன்.

முடிச்சு யார் யாருடையது என்று கேட்டார்களாம். அந்தோனியாருடையது என்று மட்டும் சொன்னாளாம்.

14 ஏப்ரல்

கிராணி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பேர் சொல்லலேன்னா காட்டுக்காரனுக்கு ஏஜெண்டுன்னுதான் எடுத்துக்குவாங்க. ஜெயில், இல்லாட்டிக் கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிருவாங்க."

எந்த ஊர்? கைப்பிள்ளையாகக் கப்பலில் வந்தவள். அங்கே அவளுக்கு ஒரு நாதியும் இல்லை. அது மட்டும்தானா. அவளைக் கப்பலேற்றிவிட்டால் டொனால்ட் வரும்போது வீட்டில் யார் இருப்பது?

எழுதிவிட்டேன் அவன் பெயரை. எங்கள் பிள்ளை. பழைய மானேஜரின் பெண்சாதி, அந்த மேம் வைத்த பெயர். சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரன் கொண்டுபோனான். செத்தான் என்று பார்த்தவனும் இல்லை, இருக்கிறான் என்று சொன்னவனும் இல்லை. காணாமல் போனதைக் கண்டெடுத்துக் கொடுக்கிறவர் அந்தோனியார். அவளுடைய பிடி அதற்குத்தான்.

அவளைக் கப்பலேற விடமாட்டேன். தலைகீழாக நின்றாவது மீட்டுக்கொண்டு வருவேன்.

17 ஏப்ரல்

யூசோப் வெளியே போகப் பாஸ் எழுதிக் கொடுத்தார், சிரம்பானுக்குப் பஸ் ஏறினேன். வழியில் ராசா ஊரில் இறங்கிக் கொழுந்தியாள் வீட்டில் அவளுக்கு மாற்றுப் புடவை வாங்கிக்கொண்டேன். ஜெயிலில் கொஞ்ச நேரம்தான் பார்க்க விட்டார்கள். இளைத்திருந்தாள். முதல் பேச்சே, "சோறு அடி பிடிக்காம வருதா?"

முடிச்சுக்காரர்கள் பெயர் எனக்குத் தெரியும், நான் சொல்லிவிட்டால் இன்றைக்கே வீட்டுக்கு வரலாம் என்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தில் வந்தாள்.

"அந்தக் கோட்டை முத்தத்துல ஒரு தடவ பேரு கூப்பிட்டது போதும். நம்ம வாயால இன்னொரு தடவ வேணாங்க. என்மேல ஆணை."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. ஊரார் முடிச்சுக்கெல்லாம் இவள் ஏன் ஜெயிலில் கிடக்கவேண்டும்? லிங்கி தாண்டும்வரை திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் சொன்னது சொன்னதுதான். பெயர் இல்லாமல்தான் அவளை வெளியே கொண்டுவரவேண்டும்.

20 ஏப்ரல்

சின்ன ஆபீசர் வந்து வருத்தம் சொன்னார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதை. பெயர்களைக் கேட்டு வாங்கிக் கொடு, நான் பேசுகிறேன் என்றார். முடியாது என்றேன்.

பிறகு அவரே பேச்சை மாற்றிக் கோட்டையைப் பற்றிக் கேட்டார். இந்தக் கோட்டை விஷயங்களை எழுதித் தன் அப்பாவுக்கு அனுப்புகிறாராம்.

"ஜப்பான்காரன் காலத்துக் கதை இருக்கிறது. அது என் பெண்சாதிக்குச் சொந்தமான கதை. அவள் இல்லாமல் சொல்லமாட்டேன்" என்றேன். எனக்குத் தெரிந்த குசினி இங்கிலீஷில் இதற்குமேல் மரியாதையாகச் சொல்ல வரவில்லை. முகம் சிவந்து போய்விட்டார். நாளைக்கு வேலை போகுமோ என்னவோ. போனால் போகட்டும், அடுத்த ஆள் அந்த அண்டாவோடு மல்லுக்கட்டட்டும்.

24 ஏப்ரல்

போன வருஷ அசனத்தில் சாப்பிட்டவர்கள் யாராவது வந்து, இது அசனத்து அரிசி, வருஷா வருஷம் நடக்கிறது என்று கோர்ட்டில் சொன்னால் போதும் என்றார் கிராணி. அவரே வந்து சொல்வாரா என்றேன். அவருக்கு வேலை இருக்கிறதாம்.

வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒருவருக்குக் காய்ச்சல். ஒருவருக்கு மகள் கல்யாணம். மண்டோர் மாயாண்டி முகத்தைப் பார்க்காமல் வெற்றிலை மடித்தார். "நாங்க வந்து நின்னா, இந்த முடிச்சு உன்னுதா அப்படின்னு கேப்பான்லா. என்ன சொல்றது?" உள்ளே பஞ்சாலை இருந்தாள். ஒரு நாளும் வாயை மூடாதவள் இன்று மூடிக்கொண்டிருந்தாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சும்மாவா சொன்னார்கள். உப்பிட்டது நாங்கள். நினைக்கத்தான் ஆள் இல்லை.

யூசோப் மட்டும் தானாக வந்து, "நான் சாப்பிட்டேன், அதைச் சொல்வேன்" என்றார். அவருக்கென்று அன்றைக்குத் தனிச் சட்டியில் கோழிக்கறி வைத்தவள் அந்தோனியம்மாள். ஒரே ஒரு ஆள். அதுவும் நம் ஆள் இல்லை.

29 ஏப்ரல்

மெதுவாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் மொத்தமாக வரும் நாள். சோறு வாங்கும் வரிசை முற்றத்தைச் சுற்றி நின்றது. பஞ்சாலை முன்னால் வந்தாள். சட்டியில் சோறு போட்டேன். அவள் நகரவில்லை. முந்தானையிலிருந்து ஒரு வாழையிலையை எடுத்து, முற்றத்து நடுவில் பழைய கொடிக்கம்ப மேடை இருக்கிறதே, அதன்மேல் விரித்தாள். தன் சட்டியிலிருந்து ஒரு பிடிச் சோறு எடுத்து இலையில் வைத்தாள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "என்னா, சோறு வேகலையா? வேகலேன்னா வாயத் தொறந்து சொல்லு. ஏன் அங்க கொண்டுபோயிக் கொட்டற?" என்று கத்தினேன்.

பஞ்சாலை என்னைப் பார்க்கவில்லை. மாடிப்படியில் நின்ற ஆபீசரைப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷும் தெரியாது, அவருக்குத் தமிழும் தெரியாது.

"பஞ்சாலை. மாயாண்டி பொஞ்சாதி. அதுல ஒரு முடிச்சு என்னுது" என்றாள்.

அடுத்தவள் வந்தாள். ஒரு பிடி வைத்தாள். "மயிலம்மாள். ரெண்டு முடிச்சு என்னுது. மருமக பிரசவத்துக்கு வேண்டினது." அடுத்து செல்லம்மா. அடுத்து, பெயர் சொல்ல வெட்கப்படுகிற புது மருமகள், அவள் பெயரை மாமியார் சொன்னாள். பிறகு ஆண்கள். வீரமுத்து வந்தான், அவனுக்குப் பெண்சாதி இல்லை, அவனே முடிச்சு கட்டிக் கொடுத்தானாம், எனக்கே தெரியாது. மாயாண்டி கடைசியில் வந்து ஒரு பிடி வைத்துவிட்டு, "நான் முடிச்சு கொடுக்கல. தின்னவன்" என்றார்.

யாரும் யார் பெயரையும் கூப்பிடவில்லை. அவரவர் வீட்டுப் பெயரை அவரவரே சொன்னார்கள். இலை நிறைந்து இன்னொரு இலை போட்டார்கள். ஆபீசர் யூசோப்பைக் கேட்டார், யூசோப் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். அழுதேன். எல்லோர் முன்னாலும் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. போன வாரம் இவர்களைத் திட்டி எழுதிய பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

கிராணி மட்டும் பதறினார். "அத்தனை பேரையும் பிடிச்சுக்கிட்டுப் போனா நாளைக்கு மரம் சீவ யாருலா இருக்கா?"

30 ஏப்ரல்

காலையில் நானே ஆபீசரிடம் போனேன். மீதிக் கதையைச் சொல்கிறேன் என்றேன். இவர்கள் எல்லாம் பெயர் சொன்ன பிறகு நான் கதையை வைத்துக்கொண்டு பேரம் பேசக்கூடாது.

சொன்னேன். ஜப்பான்காரன் மேலே ஆபீஸ் வைத்தான், கீழே உப்புக் கிடங்கு. ஒரு நாள் பெரட்டு மணியை அடித்து எல்லோரையும் இந்த முற்றத்தில் நிறுத்தினான். அப்போதிருந்த கிராணி தனக்கு வேண்டாத வீடுகளாகப் பார்த்துப் பெயர் கூப்பிட்டான். பெயர் வந்தவன் இந்தப் பக்கம், வராதவன் அந்தப் பக்கம். டொனால்ட் பெயர் வந்தபோது அந்தோனியம்மாள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பொத்தான் ஒன்று அவள் கையில் வந்தது. நான் கீழ்த்தளத்துக் குசினியில் இருந்தேன். கீறல் ஜன்னல் வழியாக அவன் தலை மட்டும் தெரிந்தது. அன்று ராத்திரியே அவளுடைய முதல் பிடி. மரவள்ளிக் கிழங்கு தின்ற காலம். எங்கிருந்தோ வாங்கிய அரிசியில் ஒரு பிடி.

ஆபீசர் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. என் பிள்ளைக்கு அப்போது என்ன வயது என்று மட்டும் கேட்டார். பதினேழு என்றேன். கோர்ட்டுக்கு நான் வருகிறேன் என்றார்.

9 மே

சிரம்பான். நான், யூசோப், பஞ்சாலை, ஆபீசர். அரசாங்கத் தரப்பு ஆள், முடிச்சு கட்டியிருப்பதே காட்டுக்கு அனுப்பத்தான் என்று நீளமாகப் பேசினான். ஆபீசர் எழுந்து நின்று, முடிச்சுக்காரர்கள் அத்தனை பேரும் என் முன்னால் பெயர் சொல்லிவிட்டார்கள், ஒரு முடிச்சும் வேலி தாண்டவில்லை, அரிசிக் கணக்கு என் பொறுப்பு என்றார். யூசோப், போன வருஷம் தின்றதைச் சொன்னார். கோழிக்கறியையும் சொன்னார். நீதிபதி சிரித்தாரா என்று சரியாகத் தெரியவில்லை. எச்சரிக்கை செய்து விட்டுவிட்டார். அரிசி பறிமுதல்.

10 மே

வீட்டில் இருக்கிறாள். தூங்குகிறாள்.

22 மே

பேசுகிறாள், குழம்பு வைக்கிறாள். ஆனால் பழைய ஆள் இல்லை. கதவு தட்டினால் சுவரோரம் போய் நிற்கிறாள். சுரூபத்துக்குப் பின்னால் வெறும் சுவர்.

வேலி திறந்து அரிசி வீட்டுக்கு வரும்போது மறுபடி பிடி எடுக்கலாம் என்று சொன்னேன். "இனிமே நான் அத தொடமாட்டேங்க. என்னால ஊரே முத்தத்துல வந்து நின்னுச்சு. அந்தோனியாருக்கு வேணும்னா வேற ஆளு பாத்துக்கட்டும்" என்றாள்.

மீட்டுக்கொண்டு வந்துவிட்டேன் என்று நினைத்தேனே. பாதியைத்தான் கொண்டு வந்திருக்கிறேன்.

13 ஜூன், அந்தோனியார் திருநாள்

பறிமுதல் அரிசி எங்கே போகும்? கோட்டைக் கிடங்குக்குத்தான். இரண்டு தகரத்தையும் போன வாரம் லோரியில் கொண்டு வந்து என் காலடியில் வைத்தார்கள். முடிச்சுகள் அவிழாமல் இருந்தன. ஆபீசரிடம் ஒரு வார்த்தை கேட்டேன். அரிசி அரிசிதான், பொங்கு என்றார்.

இன்று அதைத்தான் பொங்கினேன். முடிச்சுக்காரர்களைக் கூப்பிட்டேன், அவரவரே அவிழ்த்து அண்டாவில் போட்டார்கள். கடைசியில் முடிச்சில்லாத எங்கள் பிடியைக் கொட்டும்போது டொனால்ட் என்று சொன்னேன். கோப்பிக் கிடங்கு, பங்களா, ஜப்பான் ஆபீஸ், பட்டாளக் கேம்ப், எல்லாம் ஆகி இன்றைக்கு ஒரு நாள் இது அசன வீடு. தோட்டமே தின்றது. ஆபீசர் தரையில் உட்கார்ந்து தின்றார். காய்ந்த மிளகாயைக் கடித்துவிட்டு அவர் பட்ட பாட்டைப் பஞ்சாலை இன்னும் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்தோனியம்மாள் வரவில்லை. ஒரு இலை கொண்டுபோய்க் கொடுத்தேன். தின்றாள்.

3 டிசம்பர்

சின்ன ஆபீசர் மாற்றலாகிப் போனார். அவர் ஊர்க் கோட்டைப் படம் ஒன்றைக் கொடுத்தார். சுவரில் புல் முளைத்திருக்கிறது. முட்டையை இன்று சரியாகச் செய்து கொடுத்தேன்.

31 ஆகஸ்ட் 1957

மெர்டேக்கா. கோட்டை முற்றத்தில் புதுக்கொடி ஏற்றினார்கள். பஞ்சாலை அன்று இலை விரித்த அதே மேடை. கொடி மாறியது. அண்டா மாறவில்லை. சுதந்திரம் வந்தும் சோற்றுக்கு வரிசை நிற்கணுமா என்று மாயாண்டி கேட்கிறார். நியாயம்தான்.

8 நவம்பர் 1958

போன வாரத்தோடு பட்டாளம் இறங்கிப் போயிற்று. மணல் மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டினார்கள். மலைப்பாதை முழுக்க மணல். யூசோப் போகும்போது என் கரண்டி ஒன்றை ஞாபகத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். கிடங்கில் மிஞ்சிய அரிசியைக் கிராணி வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்தார். கோட்டையின் கீழ்த்தளத்தைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஆக்கப்போகிறார்களாம். அந்தக் கீறல் ஜன்னலை இடித்துப் பெரிதாக்காமல் பிள்ளைகளுக்கு எழுத்து தெரியாது என்று கிராணியிடம் சொல்லிவிட்டேன். இடிக்க ஆள் பேசியாகிவிட்டது என்றார். நான் போய்ப் பக்கத்தில் நிற்பேன். முதலில் இடிக்கவேண்டியது எந்த ஜன்னல் என்று எனக்குத் தெரியும்.

இன்று எங்கள் வீட்டில் உலை வைத்தோம். நான் வைக்கிறேன் என்றேன், அடுப்பு என்னுது, தள்ளுங்க என்றாள். அரிசியை அளந்து சட்டியில் கொட்டினாள். தண்ணீர் கொதித்துவிட்டது. அப்படியே நின்றாள். நான் வாசலில் உட்கார்ந்து பார்க்காத மாதிரி இருந்தேன்.

கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். சுரூபத்துக்குப் பின்னால் போகவில்லை. காலியான பிஸ்கட் தகரம் ஒன்றை வாசல்படியில், போகிற வருகிற எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வைத்து அதில் போட்டாள்.

பக்கத்து வீட்டுப் பஞ்சாலை அங்கிருந்தே பார்த்துவிட்டாள். "அக்கா, என்னுத முடிஞ்சு கொண்டாரவா?"

"முடிச்சு வேணாம்" என்றாள் அந்தோனியம்மாள். "எல்லாத்தையும் ஒண்ணாவே போடு."

அவள் பேசிக்கொண்டு நின்றதில் சோறு குழைந்துவிட்டது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.